பயனர் எழுதும் பாயிரம்

நூலுக்கு முன்னே பாயிரம் நிற்பது நம் மரபு. நன்னூல் அதனைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டாகப் பகுக்கிறது. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதிக்கொள்வதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுதித் தருவார்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நூல் ஒருவருடையது, அதற்குள் நம்மை அழைத்துச் செல்லும் முதற்சொல் மற்றொருவருடையது.

கணினியில் உரையை எழுதவும் திருத்தவும் பயன்படும் எடிட்டர்களுக்கும் இப்படியொரு பாயிரம் உண்டு. எடிட்டரைத் திறந்தவுடன், நம்முடைய உரையைத் திரையில் காட்டுவதற்கு முன்பாக, அது வேறொரு சிறு கோப்பைத் தானாகவே தேடிப் படிக்கிறது. வரியின் நீளம் எவ்வளவு, எழுத்தின் நிறம் என்ன, எந்த விசையை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்பன போன்ற ஏற்பாடுகள் அதில் இருக்கும். அமைவுக் கோப்பு என்று அதனைக் குறிப்பிடுவோம். அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரியை எழுதி, ‘இன்ன இடத்தில் உள்ள இன்ன நிரலையும் எடுத்துப் படித்துக்கொள்’ என்று சொல்லிவிடவும் முடியும். எடிட்டரை ஆக்கியவர் ஒருவர். அதற்குப் பாயிரம் எழுதுபவர் அதைப் பயன்படுத்தும் வேறொருவர்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் தமிழ்த்துறையில் நிகழ்ந்த ஒரு பிழைதான் எங்களை இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

2006ஆம் ஆண்டு, துறையில் சேர்த்து வைத்திருந்த பழந்தமிழ் நூல்களின் மின்பிரதிகளைத் திஸ்கி என்னும் பழைய குறியீட்டு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். மூத்த பேராசிரியர் ஒருவர், ‘விம்’ என்னும் எடிட்டரில் இயங்கும் சிறிய நிரலொன்றைத் தாமே எழுதி அந்த வேலையை எளிதாக்கினார். துறைக் கணினியின் அமைவுக் கோப்பில் அவர் சேர்த்தது ஒரே ஒரு வரி. அவருடைய கோப்புறையில் இருந்த நிரலை அந்த வரி ஏற்றிவிடும். நாங்கள் எடிட்டரைத் திறப்போம், ஒரு விசையை அழுத்துவோம், எழுத்துகள் மாறிவிடும். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதுமில்லை. அவர் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் மறைந்தும் போனார். 2018இல் கணினியை மாற்றியபோது அமைவுக் கோப்பைப் புதிய கணினிக்கு எடுத்து வந்தோம். அவருடைய கோப்புறையை எடுத்து வரவில்லை. எடிட்டரைத் திறக்கும்போதெல்லாம் ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்ற செய்தி வந்தது. அதனால் எரிச்சலுற்று, அந்த ஒரு வரியை நீக்கிவிட்டோம்.

நீக்கியதன் விளைவைக் கடைசியில் சொல்கிறோம். அப்படியொரு வரியை எழுதும் உரிமை பயனருக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் பார்ப்போம்.

*

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்து பயன்படுத்துவதற்கான சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு உருவாயிற்று. அதன் முதல் செயல்விளக்கம் 1961 நவம்பரில் நடந்தது. அங்கே சில ஆண்டுகள் பணியாற்றிய பிரெஞ்சுப் பொறியாளர் லூயி பூசேன், ‘ரன்காம்’ என்னும் வசதியை எழுதினார். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதற்கு மாற்றாக, அவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, அந்தக் கோப்பையே இயக்கலாம் என்பதுதான் அதன் கருத்து. ‘கட்டளைகளை இயக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ரன்காம். பிற்காலத்து அமைவுக் கோப்புகளின் பெயர் இறுதியில் நிற்கும் ‘ஆர்சி’ என்னும் ஈரெழுத்து அதன் எச்சம். எக்ஸ்ஆர்சி, விம்ஆர்சி என்று இன்று எழுதுபவர்களில் பலர் அந்த வேர்ச்சொல்லை அறியாமலே எழுதுகிறார்கள்.

பெயரின் முன்னே நிற்கும் புள்ளிக்கும் ஒரு கதை உண்டு. பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் அந்தக் கோப்புறையையே குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் அதற்கு மேலுள்ள கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும்போது இவ்விரண்டும் கண்ணில் படாதிருக்க வேண்டும் என்று எண்ணியவர்கள், ‘பெயரின் முதல் எழுத்து புள்ளியானால் விட்டுவிடு’ என்று நிரலில் சுருக்கமாக எழுதிவிட்டார்கள். விளைவாக, புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளுமே பட்டியலிலிருந்து மறைந்தன. மறைகோப்பு என்பது யாரும் திட்டமிட்டு வகுத்ததன்று, குறுக்குவழியால் நேர்ந்த தவறு என்ற கருத்துப்பட, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் எழுதினார். பயனர் தம் கைப்பட எழுதும் கோப்பு அவர் கண்ணுக்கே மறைந்திருக்கும் வழக்கம் அப்படித்தான் நிலைபெற்றது.

*

எடிட்டர்களின் கதையும் எம்.ஐ.டி.யிலேயே தொடங்குகிறது. 1962–63இல் டேன் மர்ஃபி, பி.டி.பி-1 கணினிக்காக ‘டெக்கோ’ என்னும் எடிட்டரை எழுதினார். அன்று நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. அந்த நாடாவில் உள்ளதைத் திருத்துவதே டெக்கோவின் முதல் நோக்கம். அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஓரெழுத்துக் கட்டளைகள். ஓரெழுத்து ஒருமொழி பற்றி நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போல, டெக்கோவில் ஏறத்தாழ ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. எந்த எழுத்துக்கோவையைத் தட்டினாலும் ஏதோ ஒன்று நிகழ்ந்துவிடும். தம் பெயரைக் கட்டளையாகத் தட்டினால் உரைக்கு என்ன கதி நேரும் என்று ஊகிப்பது அக்காலத்து நிரலாளர்களின் வேடிக்கை விளையாட்டாக இருந்தது.

அந்த எழுத்துகளைக் கோத்து நீண்ட தொடராக்கி ‘மேக்ரோ’ என்று சேமித்து வைக்க முடியும் என்பதுதான் டெக்கோவின் ஆற்றல். எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் 1974இல் கார்ல் மிக்கல்சன், தட்டத்தட்டத் திரை மாறும் முறையை டெக்கோவில் சேர்த்தார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்குச் சென்று அங்கிருந்த எடிட்டரைக் கண்டு திரும்பிய ரிச்சர்டு ஸ்டால்மன், அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். அதோடு, எந்த விசைக்கும் பயனர் தாம் விரும்பிய மேக்ரோவைப் பொருத்திக்கொள்ளலாம் என்ற வசதியையும் சேர்த்தார்.

உரிமை கிடைத்தவுடன் ஆளுக்கொரு மேக்ரோத் தொகுப்பு பெருகியது. ஒருவர் இருக்கையில் மற்றொருவர் அமர்ந்தால், எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாத நிலை. ஒரே எடிட்டர், ஆளுக்கொரு மொழி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1976இல் கை ஸ்டீல் விசைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். ஸ்டால்மன் அதைத் தொடர்ந்து முடித்தார். அவ்வாறு உருவானதே ‘இமாக்ஸ்’. ‘திருத்தும் மேக்ரோக்கள்’ என்பதன் சுருக்கம் அது. மேக்ரோக்களின் திரட்டுக்கே எடிட்டர் என்ற பெயர் வந்துவிட்டது.

இலக்கண மாணவர்களுக்கு இது புதிதன்று. வழக்கு முதலில் பெருகும். இலக்கணம் பின்னால் வந்து தொகுக்கும். ஆயினும் தொகுத்தவர்கள் ‘இனி எவரும் புதிதாக எழுதக் கூடாது’ என்று கதவை அடைக்கவில்லை. பொது அமைப்பு ஒன்றைத் தந்து, அதன்மேல் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்ள விட்டார்கள். 1981இல் வெளியான கட்டுரையில் ஸ்டால்மன், பயனர் சிறுசிறு மாற்றங்களைச் செய்துகொள்வதையும் முற்றிலும் புதிய வசதியை எழுதிச் சேர்ப்பதையும் இரண்டு படிகளாக வேறுபடுத்திக் காட்டுகிறார். பயனர் ஒருவர் முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறும் இடம்தான் நாம் பேசும் அந்த ஒரு வரி. இமாக்ஸைப் பெற்றுக்கொள்பவர்கள், தாங்கள் செய்யும் மேம்பாடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தமும் அன்று இருந்தது.

*

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இனி வருவது.

1978இல் ஹனிவெல் நிறுவனத்தைச் சேர்ந்த பெர்னார்டு கிரீன்பர்க், மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக இமாக்ஸைப் புதிதாக எழுதினார். டெக்கோவின் புதிர்மொழியை விடுத்து லிஸ்ப் என்னும் நிரல்மொழியைப் பயன்படுத்தினார். எடிட்டரையும் அதே மொழியில் எழுதினார். பயனர் அதனோடு சேர்க்கும் நிரலையும் அதே மொழியில் எழுத வைத்தார். அவருடைய அலுவலகத்தில் பணிபுரிந்த செயலாளர்கள்கூடப் புதிய கட்டளைகளை எழுதக் கற்றுக்கொண்டார்கள் என்று 2002இல் ஆற்றிய உரையொன்றில் ஸ்டால்மன் நினைவுகூர்கிறார். அவர்களுக்குக் கொடுத்த கையேட்டில், இதுதான் நிரலெழுதுதல் என்று எங்கும் சொல்லப்படவில்லையாம். நிரலெழுதத் தங்களுக்கு வராது என்று நம்பியவர்கள், அந்தப் பெயரைக் கேளாததால் அஞ்சாமல் எழுதிவிட்டார்கள்.

யாப்பு என்று பெயரிட்டவுடன் அஞ்சி ஒதுங்கும் மாணவர்கள், கும்மிப் பாட்டுக்குப் புதிய அடி கட்டச் சொன்னால் தயங்காமல் கட்டுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஒரு துறையின் வாயிலில் எழுதி வைத்திருக்கும் பெயர்ப்பலகையே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அமைவுக் கோப்பு அந்தப் பலகை இல்லாத பின்வாசல். முதல் நாள் ஒருவர் வரியின் நீளத்தை மாற்றுகிறார். அடுத்து ஒரு விசையை மாற்றுகிறார். பிறகு நண்பர் எழுதிய நிரலை ஏற்றுகிறார். அதில் ஒரு குறை கண்டு திருத்துகிறார். எந்த நாளில் தாம் நிரலாளர் ஆனோம் என்று அவருக்கே தெரியாது.

1981இல் ஜேம்ஸ் கோஸ்லிங் யூனிக்ஸுக்காக ஓர் இமாக்ஸை எழுதினார். ஸ்டால்மன் 1984இல் தொடங்கிய ஜி.என்.யு. இமாக்ஸ் 1985இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. லிஸ்பின் ஒரு கிளைமொழி அதன் உயிராயிற்று. பயனரின் வீட்டுக் கோப்புறையில் ‘.இமாக்ஸ்’ என்னும் கோப்பு இருந்தால், தொடங்கும்போதே அதைப் படிக்கும். அதில் ‘லோடு’ என்று எழுதி நிரலின் பெயரைக் கொடுத்தால் அந்த நிரல் ஏறும். எங்கே தேடுவது என்பதற்குக் கோப்புறைகளின் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலின் வரிசைப்படி தேடி, முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் வேறு வேறு கோப்புறைகளில் இருந்தால், முன்னே நிற்கும் கோப்புறையில் உள்ளதே செல்லும். ஏற்றுவது என்னும் செயலில் ‘எதை’ என்பதைப் போலவே ‘எந்த வரிசையில்’ என்பதும் முக்கியம். எங்கள் துறையின் பிழைக்கும் வரிசையே காரணம். ஆகவே இதனை இங்கே சொல்லி வைக்கிறோம்.

ஜி.என்.யு. இமாக்ஸோடு வரும் கோப்புகளில் ‘ஹலோ’ என்று ஒன்று உண்டு. உலக மொழிகள் பலவற்றின் முகமன் சொற்கள் அதில் வரிசையாக இருக்கும். அவற்றிடையே தமிழ் எழுத்தில் ‘வணக்கம்’ இருப்பதை முதன்முறை கண்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் விட மனமில்லை.

*

எம்.ஐ.டி.யில் இப்படி நடந்துகொண்டிருக்க, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு மரபு வளர்ந்தது. யூனிக்ஸில் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்னும் எடிட்டர் மிகவும் சிக்கனமானது. ஒரு நேரத்தில் ஒரு வரியைக் கையாள்வது. லண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் அதை மேம்படுத்தி ‘எம்’ என்னும் எடிட்டரை உருவாக்கியிருந்தார். 1976இல் அவர் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அங்கே மாணவராக இருந்த பில் ஜாய் அதைக் கண்டார். அதன் தூண்டுதலில் ‘எக்ஸ்’ என்னும் எடிட்டரும், அதன் திரைவடிவான ‘வி.ஐ.’யும் பிறந்தன. ஜாய் அதை எழுதியது 300 பாட் வேகத் தொலைபேசி இணைப்பில். திரையை வரைந்து முடிப்பதற்குள் சிந்தனை வேறிடம் போய்விடும் வேகம் அது. ஆகவே கட்டளைகளைச் சுருக்கினார். அவருடைய ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன, இன்றும் வி.ஐ. மரபில் அவையே திசை விசைகள்.

வி.ஐ.யின் பாயிரம் ‘.எக்ஸ்ஆர்சி’. அதில் விருப்பங்களை அமைக்கலாம், விசைகளை மாற்றலாம், சுருக்கெழுத்துகளை வகுக்கலாம். ‘சோர்ஸ்’ என்னும் கட்டளையால் வேறொரு கோப்பையும் படிக்கச் செய்யலாம். அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும், நாமே அமர்ந்து தட்டினாற்போல் எடிட்டர் நிறைவேற்றும். தனி நிரல்மொழி ஏதும் அதில் இல்லை. இமாக்ஸ் பயனரிடம் ஒரு மொழியையே கொடுத்தது, வி.ஐ. கட்டளைகளைத் திரும்பச் சொல்லும் உரிமையை மட்டும் கொடுத்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார். 1988இல் அமிகா கணினி வாங்கியவருக்கு வி.ஐ. போன்ற எடிட்டர் தேவைப்பட்டது. ‘ஸ்டீவி’ என்னும் நகலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1991இல் அது ‘விம்’ என்ற பெயரில் வெளியாயிற்று. தொடக்கத்தில் அப்பெயருக்கு ‘வி.ஐ.யைப் போலச் செய்தது’ என்று பொருள். பின்னர் ‘மேம்பட்ட வி.ஐ.’ என்று பொருள் மாறியது. 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிரலெழுதும் மொழி சேர்ந்தது. 2001இல் வந்த ஆறாம் பதிப்பில் இரண்டு முக்கிய மாற்றங்கள். குறிப்பிட்ட கோப்புறையில் இட்டு வைத்த நிரல்கள், ‘.விம்ஆர்சி’ படிக்கப்பட்ட பின் தாமாகவே ஏறின. யூனிகோடை யு.டி.எஃப்-8 வடிவில் கையாளும் திறனும் வந்தது. பல மொழிகளுக்கான விசைவரைவுக் கோப்புகளும் விம்மோடு சேர்த்துத் தரப்பட்டன. திஸ்கியில் தமிழ் எழுதுவதற்கான கோப்பும் அவற்றுள் ஒன்று. எங்கள் பேராசிரியருக்கு வழி திறந்தது இந்த மாற்றங்களால்தான். நிரல்மொழியும் யூனிகோடும் ஒரே எடிட்டரில் கூடியிராவிட்டால் அவர் அதை எழுதியிருக்க முடியாது.

மூலெனார் 1994இல் உகாண்டாவின் கிபாலேயில் தன்னார்வலராகப் பணியாற்றியவர். விம்மைப் பயன்படுத்துவோர் தமக்குப் பணம் தர வேண்டாம், அங்குள்ள குழந்தைகளுக்கு உதவுக என்று கேட்டுக்கொண்டார். வெற்றுத் திரையில் அந்த வேண்டுகோளைப் பல்லாண்டுகள் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அவர் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். 2014இல் விம்மிலிருந்து பிரிந்து கிளைத்த ‘நியோவிம்’, 2021இல் வந்த பதிப்பிலிருந்து அமைவுக் கோப்பை முழுவதும் லுவா என்னும் மொழியிலேயே எழுத இடந்தருகிறது.

*

உரிமையைப் பற்றியே இதுவரை பேசினோம். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடங்கும்போதே ஒரு கோப்பைப் படித்து அதன்படி நடப்பது எடிட்டரின் இயல்பு. அப்படியானால் அந்தக் கோப்பை எழுதியவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

பழைய வி.ஐ. வீட்டுக் கோப்புறையில் உள்ள ‘.எக்ஸ்ஆர்சி’யோடு, அப்போது நாம் நிற்கும் கோப்புறையில் அதே பெயரில் ஒன்று இருந்தால் அதையும் படித்துவிடும். பலர் பகிரும் கணினியில் பிறர் கோப்புறைக்குள் சென்று ஒரு கோப்பைத் திறந்தால், அவர் எழுதி வைத்த கட்டளைகள் நம் பெயரில் நம் அதிகாரத்தோடு நிறைவேறும். அந்தக் கோப்பு புள்ளியில் தொடங்குவதால் பட்டியலிலும் தென்படாது. இந்த அபாயத்தை உணர்ந்தே பிற்காலத்தில் அவ்வழக்கத்தைத் தாமாக இயங்காதவாறு நிறுத்தி வைத்தார்கள். நியோவிம் 2023இல் வந்த பதிப்பில், இத்தகைய கோப்பைப் படிக்கும் முன் ‘இதனை நம்புகிறீர்களா’ என்று பயனரைக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது.

உரைக்கோப்பின் முதல் சில வரிகளிலோ கடைசிச் சில வரிகளிலோ அமைவுகளை எழுதி வைக்கும் வழக்கமும் உண்டு. அதிலிருந்த ஓட்டையொன்று 2019இல் வெளிப்பட்டது. சூதாக எழுதப்பட்ட உரைக்கோப்பை விம்மில் திறந்தாலே போதும். அதனுள் இருந்த கட்டளைகள் கணினியில் இயங்கிவிடும் என்று தெரியவந்தது. உடனே அதைத் திருத்தி அடைத்தார்கள். படிப்பதற்கென்று திறந்த ஏடு, படிப்பவரையே ஏவிய கதை இது.

இவ்விரண்டும் தீங்கு நினைப்பவர்களால் வரும் அபாயங்கள். நன்மை நினைத்தவர் எழுதியதையும் படியாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

*

பேராசிரியரின் வரியை நீக்கிய பின், மாற்றாமல் எஞ்சியிருந்த கோப்புகளுக்காக நாங்களே சில வரிகள் எழுதினோம். வேலை எளிதாகவே தோன்றியது. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். ‘கெ’ என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடிலோ ஒலிக்கும் வரிசை. முதலில் ககரம், பிறகு கொம்பு. ஆகவே கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தச் சொன்னோம். மாற்றிய பக்கங்களைத் திரையில் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன.

2019இல் ஆய்வு மாணவி ஒருவர் சிலப்பதிகாரத்தில் ‘கொற்றவை’ என்னும் சொல் வரும் இடங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, ‘அம்மா, மதுரைக் காண்டத்தில் ஓரிடத்தில்கூட இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது’ என்றார். வேட்டுவ வரி இருப்பது மதுரைக் காண்டத்தில். கொற்றவை வழிபாட்டுக்கென்றே அமைந்த பகுதி அது. வழக்குரை காதையில் வாயிலோன் கண்ணகியைக் கண்டு அஞ்சிச் சொல்லும் சொல்லிலும் கொற்றவை உண்டு. கணினி மட்டும் அவளைக் காணவில்லை.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. எங்கள் வரிகள் கொம்பை மட்டும் நகர்த்தின. கால் அப்படியே நின்றது. ஆகவே ககரம், கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவே யூனிகோடில் அது பதிவாயிற்று. மாணவி தேடியதோ ககரத்தோடு ஒகரக் குறி சேர்ந்த இரண்டு துண்டு. திரையில் இரண்டுக்கும் அணுவளவும் வேறுபாடு தெரியாது. இரண்டும் நிகரானவை என்றே யூனிகோடு விதியும் கொள்கிறது. ஆனால் அந்த நிகரைக் கருதாமல் எண்களை அப்படியே ஒப்பிட்டுத் தேடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். புகார்க் காண்டம் பேராசிரியர் காலத்திலேயே மாற்றப்பட்டது, அதில் குறையில்லை. மதுரைக் காண்டம் எங்கள் கைவண்ணம்.

பழைய குறுந்தட்டுகளைத் துழாவி அவருடைய நிரலைக் கண்டெடுத்தோம். முதன்முறையாக அதைத் திறந்து படித்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால், எடிட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிச் செல்லும் குறிப்பு வரிகளில், தாம் செய்வதற்கான காரணத்தை அவர் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஒகர ஓகார ஔகாரங்களை முதலில் மாற்ற வேண்டும், எகர ஏகாரங்களைப் பிறகே தொட வேண்டும், வரிசை மாறினால் பிழை கண்ணுக்குத் தெரியாது என்பது அவற்றுள் ஒன்று. அந்தக் குறிப்பு எடிட்டருக்கு எழுதியதன்று. அவருக்குப் பின் அங்கே அமரப்போகிறவர்களுக்கு எழுதியது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் அந்தக் கோப்பை ஏற்றினோம். ஒரு நாளும் படிக்கவில்லை. எடிட்டர் எங்களுக்காகப் படித்துக்கொண்டிருந்தது.

கொற்றவை என்னும் சொல் எங்களுக்குத் தெரிந்த சொல்லாக இருந்ததால் பிழை அகப்பட்டது. அருகி வழங்கும் வேறொரு சொல்லாக இருந்திருந்தால், ‘மதுரைக் காண்டத்தில் இச்சொல் பயிலவில்லை’ என்ற முடிவு ஆய்வேட்டில் ஏறியிருக்கும். நாங்களே கையொப்பமும் இட்டிருப்போம். அந்த எண்ணம் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

மதுரைக் காண்டத்தை அவர் நிரலைக்கொண்டு மீண்டும் மாற்றினோம். நிரலை நூல்கோப்புகள் இருக்கும் கோப்புறையிலேயே இப்போது வைத்திருக்கிறோம். அமைவுக் கோப்பில் அவர் எழுதிய அந்த ஒரு வரி, இடம் மட்டும் மாறி, மீண்டும் இருக்கிறது. அதன் மேலே குறிப்பாக இரண்டு வரிகள் சேர்த்தோம். இந்த நிரலை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பது முதல் வரி. ஏற்றும் முன் ஒருமுறை திறந்து படிக்கவும் என்பது இரண்டாவது. புதிதாகத் துறையில் சேர்ந்தவர்களை அந்த இரண்டு வரிகளைப் படிக்க வைத்த பிறகே கணினியின் முன் அமர்த்துகிறோம்.